மின்னலும் என் சிவப்பு மையும்



மூன்றாம் ஆண்டு மாணவி ஒருத்தி மழைக்காட்சி வரைந்தாள். மின்னலை ஆலமரத்து வேர்போலப் பல கிளைகளாக இழுத்திருந்தாள். "மின்னல் இப்படி இருக்காதம்மா" என்று, சிவப்பு மையால் அருகில் கூர்மையான கோணல் கோடொன்றைப் போட்டுக் காட்டினேன். பிழை என்னுடையது.

அந்தக் கோணல் கோடு ஓவியர்கள் வழிவழியாகத் தீட்டி வந்தது. அதை ஐயுற்றவர்களுள் ஒருவர், அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் வாழ்ந்த வில்லியம் ஜென்னிங்ஸ். பெஞ்சமின் பிராங்கிளின் 1752இல் பட்டம் விட்டு மின்னலை ஆராய்ந்த அதே நகரம்தான்! ஜென்னிங்சுக்கு ஆய்வுக்கூடம் தேவைப்படவில்லை. தம் வீட்டுக் கூரையே போதுமானதாக இருந்தது. 1882 செப்டம்பர் 2ஆம் நாள் அவருடைய தகட்டில் மின்னல் பதிந்தது. அதில் கோணல் இல்லை. ஆறும் கிளையாறுகளும் போன்ற நெளிவே இருந்தது.

அதற்கு முன்பு இது ஏன் அரிதாயிருந்தது? பழைய ஈரத்தகட்டை, பூசிய சில நிமிடங்களுக்குள் பயன்படுத்தியாக வேண்டும். மின்னலோ நம் வசதிக்கு வருவதில்லை. 1870களின் இறுதியில் கடைகளில் கிடைக்கத் தொடங்கிய உலர் தகடு, புயலுக்காகக் காத்திருந்தது. பின்னர் சார்லஸ் பாய்ஸ் வடிவமைத்த சுழல்வில்லைக் கேமராவைக் கொண்டு, 1930களில் தென்னாப்பிரிக்காவில் பேசில் ஷோன்லண்ட் குழுவினர், மின்னல் படிப்படியாகக் கீழிறங்குவதையும் பேரொளி தரையிலிருந்து மேலேறுவதையும் கண்டறிந்தனர்.

இவற்றைப் படித்த பிறகு, அப்பாவின் பழைய பிலிம் கேமராவைத் தூசு தட்டினேன். பினாங்கில் பருவக்காற்று மாறும் ஏப்ரல், அக்டோபர் மாதங்களில் மாலை இடிமழைக்குப் பஞ்சமில்லை. ஆயர் ஈத்தாம் அடுக்குமாடி வீட்டில், மூடிய சன்னலுக்கு உட்புறம் முக்காலியை நிறுத்தி, விளக்கை அணைத்து, கேமராவின் கண்ணை அரை நிமிடம் திறந்தே வைத்தேன். (மாடிமுகப்பில் நிற்காதீர்கள், ஜென்னிங்சைப்போலக் கூரையேறவும் வேண்டாம்.) படத்தை மின்னலே எடுத்துக்கொள்கிறது, நமக்குப் பொறுமை மட்டுமே வேலை. 36 படங்களில் 4 மட்டும் தேறின. ஒன்றில், ஜார்ஜ் டவுனுக்கு அப்பால், பட்டர்வொர்த் பக்கத்து வானில், அந்த ஆலமர வேர்!

படத்தைக் கழுவி வாங்கியதும் அம்மாணவியிடம் காட்டி, என் திருத்தம் தவறு என்றேன். அவள் வியப்படையவில்லை.

"நான் பார்த்துத்தானே வரைஞ்சேன், டீச்சர்" என்றாள்.