பிக்கப் வண்டியும் பத்தாயிரம் லிட்டர் காத்தும்

சபரிமலைக்கோ கொல்லத்துக்கோ ராஜபாளையம், செங்கோட்டை வழியா கார்ல போயிருந்தா நீங்களும் பாத்திருப்பீங்க. புளியரை தாண்டி எஸ் வளைவுல ஒரு பிக்கப் வண்டி தேங்காயோ மாங்காயோ ஏத்திக்கிட்டு, கரும்புகையைக் கக்கிக்கிட்டு முக்கி முக்கி ஏறும். நீங்க கண்ணாடியை ஏத்தி விட்டிருப்பீங்க.

எங்க செண்பகத்தோப்புப் பக்கம் இப்ப பிக்கப் வச்சிருக்கிற இளவட்டங்க மத்தியில ஒரே பேச்சு: பூஸ்ட் கூட்டணும், டியூனிங் பண்ணணும். லேப்டாப்பை மாட்டி அரை மணி நேரத்துல இழுவையைக் கூட்டித் தர்றாங்களாம். நல்லதா கெட்டதாங்கிறது இருக்கட்டும். இந்த பூஸ்ட் எங்கிருந்து வந்ததுன்னு முதல்ல பாத்துருவோம்.

ருடால்ஃப் டீசல் தன் எஞ்சினை ஜெர்மனியில ஆக்ஸ்பர்க் ஊர்ல 1897-ல ஓட்டிக் காட்டினார். சுமார் 20 குதிரை சக்தி. அதுல தீப்பொறி கிடையாது. காத்தை இறுக்கி அமுக்கினா சூடாகும், அந்தச் சூட்டுல டீசலைப் பீச்சினா தானே பத்திக்கும். ஒரு லிட்டர் டீசல் முழுசா எரியணும்னா ஏறக்குறைய 10,000 லிட்டர் காத்து வேணும். ஆக, பவரைக் கூட்டணும்னா டீசல் மட்டும் கூட்டினாப் போதாது, காத்தையும் கூட்டணும். காத்து பத்தாத டீசல்தான் கரும்புகையா வெளிய வருது.

காத்தைக் கூட்ட வழி கண்டவர் சுவிட்சர்லாந்துக்காரர் ஆல்ஃபிரட் பூச்சி. வீணாப் போற புகையோட வேகத்துலயே ஒரு சக்கரத்தைச் சுத்த விட்டு, அதே தண்டுல இன்னொரு சக்கரத்தை மாட்டி, காத்தை எஞ்சினுக்குள்ள திணிக்கலாம்னு 1905-ல காப்புரிமை வாங்கினார். அதுதான் டர்போ. ஆனா காகிதத்துல இருந்தது சரியா ஓட 20 வருசம் ஆச்சு. அந்தச் சூட்டையும் வேகத்தையும் தாங்குற உலோகம் வேணுமே! 1920-களோட நடுவுலதான் ரெண்டு ஜெர்மன் கப்பல்கள்ல மாட்டினாங்க. 1,750 குதிரை சக்தி எஞ்சின் 2,500-ஆச்சு. அதுக்கு நடுவுல, 1918-ல, அமெரிக்காவுல சான்ஃபோர்ட் மாஸ்ங்கிறவர் ஒரு விமான எஞ்சினை 14,000 அடிக்கு மேல இருக்கிற பைக்ஸ் பீக் மலை உச்சிக்கு லாரியில ஏத்திக்கிட்டுப் போனார். மேல போகப் போகக் காத்து மெலிஞ்சிரும், அந்தக் குறையை டர்போ ஈடு கட்டும்னு அங்க வச்சு நிரூபிச்சார்.

நம்ம ஊருக்கு டர்போ வர்றதுக்கு ரொம்ப நாளாச்சு. முதல்ல வந்தது கிணத்து மேட்டு ஆயில் எஞ்சின்தான். 1951-ல பெங்களூர்ல மைகோ கம்பெனி தொடங்குச்சு, டீசல் பம்பு இங்கயே செய்ய ஆரம்பிச்சாங்க. மெட்ராஸ்ல சிம்சன் கம்பெனி பெர்க்கின்ஸ் எஞ்சின் செஞ்சாங்க. பெட்ரோல் ஜீப்பு, வேன்லாம் அந்த எஞ்சினை மாட்டி டீசலுக்கு மாறுச்சு. அந்தக் காலத்துலயும் டியூனிங் உண்டு. பம்புல ஒரு ஸ்குரூ இருக்கும், கம்பெனி சீல் வச்சிருக்கும். சீலை உடைச்சு ஸ்குரூவைத் திருகினா டீசல் கூடும். வண்டி கொஞ்சம் இழுக்கும், நிறையப் புகையும்.

1982-ல சென்னையில டர்போ எனர்ஜி கம்பெனி வந்து, டர்போவை நம்ம மாநிலத்துலயே செய்ய ஆரம்பிச்சது. ஆனா சின்ன வண்டிகளுக்கு அது பரவ முக்கியக் காரணம் சட்டம். 2000-லிருந்து புகைக் கட்டுப்பாடு படிப்படியா இறுகி, 2020 ஏப்ரல்ல பி.எஸ். 6 வரைக்கும் வந்துச்சு. 2005-ல வந்த டாடா ஏஸ், நம்ம குட்டி யானை, 702 சிசி, டர்போ இல்லாம 16 குதிரை சக்தி. 2011-ல ஓசூர்ல இருந்து வந்த அசோக் லேலண்ட் தோஸ்த், 1.5 லிட்டர், டர்போவோட 50-க்கு மேல. எஞ்சின் ரெண்டு மடங்கு பெருசு, பவர் மூணு மடங்குக்கு மேல. காமன் ரெயில் பம்பும் டர்போவும் சேந்து செஞ்ச வேலை அது.

இந்த வரலாற்றுல ஒண்ணைக் கவனிக்கணும். ஒவ்வொரு தடவை பவர் கூடும்போதும் கூடவே வேற நாலு வேலை நடந்திருக்கு. அமுக்கின காத்தைக் குளிர வைக்க இன்டர்கூலர் வந்துச்சு. பிஸ்டனுக்கு அடியில ஆயில் பீச்சிக் குளிர வச்சாங்க. ஹெட் கேஸ்கெட், கிளட்ச், ரேடியேட்டர் எல்லாம் பலமாச்சு. லேப்டாப் டியூனிங்ல இது ஒண்ணும் கிடையாது. டீசல் கூடும், பூஸ்ட் கூடும், மத்ததெல்லாம் பழசுதான். நிமிசத்துக்கு லட்சம் சுத்துக்கு மேல சுத்துற சாமான் டர்போ. மெல்லிசா ஆயில் படலத்துலதான் அந்தத் தண்டு மிதக்குது. பழைய சீல் ஸ்குரூவைத்தான் இப்ப லேப்டாப்புல திருகுறாங்க.

பசங்களைக் குத்தம் சொல்லவும் மனசு வரல. வியாபாரி நடைக்கு இவ்வளவுன்னுதான் வாடகை தர்றார். மாசத் தவணை கட்டணும். ஒண்ணேகால் டன் வண்டியில ரெண்டு டன் ஏத்தினாத்தான் கணக்கு நேராகுது. ஏத்தின பாரம் இழுக்கலன்னு டியூனிங்குக்குப் போறாங்க. பக்கத்துத் தோப்புக்காரர் மகன் அப்படித்தான் பண்ணினான். அடுத்த மாங்கா சீசனுக்குள்ள டர்போ போச்சு. சீசன்ல வண்டி ஷெட்டுல நின்னா அந்த வருசத்து வருமானமே நின்ன மாதிரி.

சட்டமும் சும்மா விடாது. கம்பெனி கொடுத்த அமைப்பை அனுமதியில்லாம மாத்தக் கூடாதுன்னு 1988 மோட்டார் வாகனச் சட்டம், 52-வது பிரிவு சொல்லுது. 2019 திருத்தத்துக்கு அப்புறம் மாத்தம் ஒண்ணுக்கு 5,000 ரூபாய் அபராதம், இல்ல ஆறு மாசம் வரை சிறை, இல்ல ரெண்டும். விபத்துன்னு வந்தா இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் கைவிரிக்க ஒரு சாக்கு.

இழுவை குறைஞ்சா முதல்ல ஏர் பில்டரைப் பாருங்கன்னுதான் நான் பசங்ககிட்ட சொல்றது. சித்திரை, வைகாசியில தோப்புப் பாதைப் புழுதியில பில்டர் சீக்கிரம் அடைச்சுக்கும். அப்புறம் டர்போ ஹோஸ்ல வெடிப்பு, கிளாம்பு லூசு, நாசில். முக்காவாசி வண்டிக்கு இங்கேயே தீந்துரும். மலை ஏறி வந்தவுடனே எஞ்சினைச் சட்டுனு நிறுத்தாம ஒரு நிமிசம் ஓட விட்டா டர்போவுக்கு ஆயுசு கூடும்.

இன்னொண்ணு. எஸ் வளைவுல ஏறுறதுக்குத்தான் பூஸ்ட் உதவும். இறங்கும்போது அந்த ரெண்டு டன்னையும் பிடிக்க வேண்டியது கம்பெனி கொடுத்த அதே பழைய பிரேக்குதான்.