மல்டிபிள் ஸ்களிரோசிஸ் நோயும் ஒற்றைத் தலைவலியும்

மல்டிபிள் ஸ்களிரோசிஸ் என்பது மூளை, தண்டுவட நரம்பிழைகளின் மேலுறையை உடலின் எதிர்ப்பாற்றலே சிதைக்கும் நோயாகும். இந்நோயுற்றோர் பலருக்கு ஒற்றைத் தலைவலியும் காணப்படுகிறது. எனினும், ஒவ்வொரு தலைவலியும் நோய் முற்றுவதன் அறிகுறி அன்று.

தூண்டும் காரணங்கள்

இன்டர்பெரான் ஊசிக்குப் பின் காய்ச்சலுடன் தலைவலி வரலாம். அதற்காக மருந்தைத் தாமாக நிறுத்தக் கூடாது. மாதனூர், ஆம்பூர் பகுதிக் காலணித் தொழிற்கூடங்களில் பணிபுரிவோருக்குப் பசையின் நெடி, வெப்பம், வேளை தவறிய உணவு, உறக்கக் குறைவு ஆகியவை தலைவலியைத் தூண்டக்கூடும்.

செய்ய வேண்டியவை

தலைவலி வந்த நாள், நேரம், உட்கொண்ட மாத்திரை ஆகியவற்றைக் குறித்து வையுங்கள். வலி மாத்திரைகளை மாதத்தில் 10 நாள்களுக்கு மேல் தொடர்ந்து உட்கொண்டால், அவையே தலைவலியை உண்டாக்கக்கூடும்.

உடனே மருத்துவரை அணுக வேண்டிய நிலைகள்

- கண்ணை அசைக்கும்போது வலி, பார்வை மங்குதல்
- ஒரு நாளுக்கு மேல் நீடிக்கும் புதிய மரத்துப்போதல், நடைத் தள்ளாட்டம்

இவற்றுக்கு வேலூர் அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையை அணுகலாம். திடீரென எழும் கடுமையான தலைவலி, வலிப்பு, பேச்சுக் குழறல், ஒருபக்கத் தளர்ச்சி ஆகியவற்றைக் கண்டால், குடும்பத்தினர் தாமதமின்றி 108-ஐ அழைக்க வேண்டும்.