வாணமும் வாலிபரும்

"றொக்கற்" என்னும் சொல்லை வன்னியிலே இலேசாகச் சொல்லிவிட முடியாது. சொன்னால் நமது மூத்தோர் நெஞ்சில் எழுவது விஞ்ஞான ஆர்வமன்று, பதுங்குகுழியின் நினைவே. ஆகவே, சர்வகலாசாலை மாணாக்கர் தாமே ஒன்றுகூடி றொக்கற் கட்டி வானில் விடுகின்றனர் என்று கூறினால், "எங்கள் பிள்ளைகளுக்கு அந்தச் சனியன் ஏன்?" என்று கேட்போர் அக்கராயனிலே பலர் இருப்பர். கேள்வி நியாயமானதே. மறுமொழி சொல்லுமுன் அதன் சரித்திரத்தைச் சிறிது புரட்டிப் பார்த்தல் வேண்டும்.

கோயிற் திருவிழாவிலே நாம் அண்ணாந்து பார்க்கும் ஆகாசவாணமும், சந்திரனுக்குச் சென்ற றொக்கற்றும் ஒரே குலத்தைச் சேர்ந்தவை. ஆகாயவிமானம் எரிபொருளை மாத்திரம் சுமந்துகொண்டு, எரிவதற்கு வேண்டிய ஒட்சிசனைக் காற்றிலிருந்து பெறுகின்றது. வாணமோ இரண்டையும் தன் வயிற்றிலே கட்டிக்கொண்டு செல்வது. வெடியுப்பு ஒட்சிசனைக் கொடுக்க, கரியும் கந்தகமும் எரிகின்றன. வாயு பின்னே பாய, வாணம் முன்னே பாய்கிறது. காற்றை நம்பியிராத காரணத்தினாற்றான் காற்றில்லாத வெளியிலும் அதனாற் செல்ல முடிகிறது.

இவ்வாணத்தைப் போர்க்கருவியாக்கிப் பெரும் பெயர் பெற்றவர்கள் மைசூரை ஆண்ட ஐதர் அலியும் திப்பு சுல்தானும். மூங்கிற் குழாய்க்கும் காகிதக் கூட்டுக்கும் பதிலாக இரும்புக் குழாயில் மருந்தை அடைத்தமையால், அது கூடுதலான அமுக்கத்தைத் தாங்கியது. வாணம் கூடுதலான தூரம் சென்றது. 1780 இல் காஞ்சிபுரத்துக்கு அண்மையிலுள்ள பொள்ளிலூரிலே ஆங்கிலப்படை இவற்றின் வலிமையை நன்கு உணர்ந்தது. 1799 இல் சீரங்கப்பட்டணம் வீழ்ந்தபின் எஞ்சிய வாணங்கள் இங்கிலாந்துக்குச் சென்றன. அவற்றை ஆராய்ந்து வில்லியம் கொங்கிறீவ் செய்த றொக்கற்றுகள் 1807 இலே கொப்பன்கேகன் நகரை எரித்தன. இதுவரை உள்ள சரித்திரம் முழுவதும் மூத்தோர் பக்கமே பேசுகிறது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

மாணாக்கர் இதிற் கைவைத்த கதை 1936 இல் தொடங்குகிறது. கலிபோர்ணியாவிலுள்ள பசடீனா நகரின் தொழினுட்பக் கழகத்திலே பிராங் மலீனா என்னும் பட்டப்பின் மாணாக்கர் படித்துக்கொண்டிருந்தார். ஜாக் பார்சன்ஸ், எட்வேட் போர்மன் என்னும் இரு நண்பர்கள் அவருடன் சேர்ந்தனர். இவ்விருவரும் அக்கழகத்தின் மாணாக்கரல்லர். பார்சன்ஸ் தாமாகவே இரசாயனம் கற்றவர். றொக்கற் என்றால் அறிஞர்கள் நகைத்த காலம் அது. ஆயினும் பேராசிரியர் தியோடர் வொன் கார்மான் நகைக்கவில்லை, இடங்கொடுத்தார். பணம் மாத்திரம் இல்லை. உபகரணங்களைப் பழைய சாமான்களிலிருந்து பொறுக்கியெடுத்தனர். 1936 ஒக்டோபர் 31 ஆம் நாள், அறோயோ செக்கோ என்னும் வறண்ட ஆற்றுப்படுகையிலே மெதனோலையும் ஒட்சிசனையும் எரித்துப் பார்த்தனர். நான்காந்தடவை ஒட்சிசன் குழாயே தீப்பற்றிப் பாம்புபோலத் துள்ள, அனைவரும் ஓட்டம் பிடித்தனர்! இதுவே அமெரிக்காவின் பேர்பெற்ற ஆய்வுகூடமொன்றின் பிறந்தநாள்.

பின்னர் வெல்ட் ஆர்னல்ட் என்னும் மாணாக்கர் ஆயிரம் டொலர் தருவதாகச் சொல்லி, முதற் பகுதியைச் சில்லறைத் தாள்களாகப் பத்திரிகைத்தாளிலே சுற்றிக் கொண்டுவந்து கொடுத்தார். சீனதேசத்து மாணாக்கரான சியென் சுவே-சென் கணக்குகளைப் போட்டார். கட்டடத்துள்ளே ஒருநாள் நச்சுவாயு கசிந்து, அங்கிருந்த இயந்திரங்களெல்லாம் துருப்பிடிக்கவே, வெளியே போய்ச் செய்யுங்கள் என்று துரத்தப்பட்டனர். "தற்கொலைப் பட்டாளம்" என்ற பட்டமும் கிடைத்தது. 1939 இலே விஞ்ஞானக் கழகத்தின் பணம் வந்தது, பின் இராணுவத்தின் பணம் வந்தது, யுத்தமும் வந்தது. 1944 அளவில் அந்த மாணாக்கர் கூட்டம் "ஜெட் உந்துவிசை ஆய்வுகூடம்" என்னும் பெருநிறுவனமாகிவிட்டது. மலீனா படைக்கருவி வேலையில் மனம் ஒட்டாது, யுனெஸ்கோவுக்குச் சென்று, பின்னர் ஓவியராயினார். பார்சன்ஸ் 1952 இலே தமது வீட்டு ஆய்வுகூடத்தில் நேர்ந்த வெடிவிபத்தில் இறந்தார். சியென் சந்தேகத்துக்கு ஆளாகி, 1955 இல் சீனாவுக்கு அனுப்பப்பட்டு, அங்கே றொக்கற் தொழிலுக்கே தந்தையானார். ஒரு நாட்டின் அச்சம் இன்னொரு நாட்டுக்கு ஆசிரியரை அனுப்பிவைத்தது!

இனி நமது பக்கத்துக்கு வருவோம். பூமியின் காந்த நடுக்கோடு திருவனந்தபுரத்தை அடுத்த தும்பா என்னும் மீனவர் கிராமத்துக்கு அருகே செல்கிறது. வானத்தின் மேற்படைகளை ஆராய அவ்விடமே உகந்ததென விக்கிரம் சாராபாய் கண்டார். ஆனால் அங்கே இருந்தது புனித மரிய மதலேனாள் தேவாலயம். ஆயர் பீற்றர் பேர்ணாட் பெரெய்ரா ஞாயிற்றுக்கிழமைப் பூசையிலே சபையாரிடமே அதனைக் கேட்டாரென்றும், அவர்கள் "ஆமென்" என்று சம்மதித்தார்களென்றும் அப்துல் கலாம் பிற்காலத்திற் பலமுறை சொல்லியிருக்கிறார். மிஷன் பாடசாலையிலே படித்து இந்து வாலிபர் சங்கத்தில் இருக்கும் எனக்கு இக்கதையில் ஒரு தனிப் பிரியம் உண்டு. வழிபட்ட இடத்தைப் படிப்புக்கென்று கொடுப்பது எந்தச் சமயத்தவருக்கும் இலகுவன்று.

அத்தேவாலயத்துக்குள்ளேயே முதல் றொக்கற் பொருத்தப்பட்டது. வேலை செய்தோர் கல்லூரி விட்டுச் சில வருடங்களேயான வாலிபர். தலைமன்னாருக்கு எதிர்க்கரையான இராமேசுவரத்திற் பிறந்த கலாம், திருச்சிராப்பள்ளிப் புனித வளனார் கல்லூரியிலும், பின் குரோம்பேட்டைச் சென்னைத் தொழினுட்பக் கழகத்திலும் படித்தவர். அரவமுதனும் அக்கழகத்து மாணாக்கரே. 1963 நவம்பர் 21 ஆம் நாள் மாலை, றொக்கற்றைத் தூக்கிய பாரந்தூக்கியின் எண்ணெய் கசிந்து வலுக்குறைய, இந்த வாலிபர் தோள்கொடுத்தே அதனை ஏவுமேடையில் ஏற்றினர். அமெரிக்க நைக்கி-அப்பாச்சி றொக்கற் பிரான்சு நாட்டுச் சோடியத்தைச் சுமந்து சென்று, அந்திவானிலே செம்மஞ்சள் முகிலொன்றை விரித்தது. அது எவரையும் கொல்லவில்லை. மேலே காற்று எத்திசையில் வீசுகிறதென்று காட்டியது. நாலு வருடங்களின்பின், 1967 நவம்பர் 20 இல், 75 மில்லிமீற்றர் விட்டமுள்ள முதல் இந்திய றொக்கற்றான ரோகிணி அதே மணலிலிருந்து எழுந்தது.

அதே குரோம்பேட்டை மாணாக்கரும் ஆசிரியரும் கட்டிய 40 கிலோகிராம் நிறையுள்ள "அனுசற்" என்னும் செயற்கைக்கோள் 2009 ஏப்பிரில் 20 ஆம் நாட் காலை சிறீகரிக்கோட்டாவிலிருந்து சென்றது. இந்தியச் சர்வகலாசாலையொன்று கட்டிய முதற் செயற்கைக்கோள் அது. அன்றைய தினம் நமது சனங்கள் புதுமாத்தளன் மணலிலிருந்து உயிரைக் கையிற் பிடித்துக்கொண்டு வெளியேறிக்கொண்டிருந்தனர். வங்கக்கடலின் ஒரு கரையிலே அது, மறு கரையிலே இது. இவ்விரண்டையும் ஒரே நாளேட்டில் எழுதிப் பார்த்தாலன்றி மூத்தோரின் கேள்வி இன்னதென்று நம்மவர்க்கு விளங்காது.

மாணாக்கர் தாமே முழுவதும் கட்டிய றொக்கற் விண்ணின் எல்லையைத் தொட்டது 2019 இலேதான். தென் கலிபோர்ணியாச் சர்வகலாசாலையின் மாணாக்கர் குழு 2005 இல் தொடங்கியது. அவர்களது "றவலர்" வரிசையில் 2013 இலும் 2014 இலும் விட்டவை அழிந்தன. 2018 இல் விட்டது அழகாக எழுந்தது. ஆயினும் பதிகருவியை இயக்க மறந்துவிட்டமையால் எவ்வளவு உயரம் சென்றதென்று ஒருவருக்கும் தெரியாது. 2019 ஏப்பிரில் 21 இல் விட்ட நான்காவது 103.6 கிலோமீற்றர் உயர்ந்தது. எல்லை 100 கிலோமீற்றர். அதன் பெயர் கார்மான் கோடு. பசடீனாவிலே அந்த வாலிபருக்கு இடங்கொடுத்த பேராசிரியரின் பெயரேதான்! தமது அளவையில் 5 கிலோமீற்றர் வரை பிழை இருக்கலாம், ஆகவே நூற்றுக்குத் தொண்ணூறு பங்கே நிச்சயம் என்று அந்த மாணாக்கர் வெளிப்படையாக எழுதி வைத்தனர். படைக்கருவி செய்வோர் தம் பிழையளவை ஊருக்குச் சொல்வதில்லை. எனக்கு உயரத்தைவிட இந்த எழுத்தே பெரிதாகத் தோன்றுகிறது. 2024 ஒக்டோபரில் அவர்களின் பின்வந்தோர் விட்டது ஏறக்குறைய 143 கிலோமீற்றரை எட்டியது.

நமது தேசத்தவருக்கும் இதில் ஒரு சிறு பங்கு உண்டு. யப்பானின் கியூசூ தொழினுட்பக் கழகத்திலே படித்த இலங்கை மாணாக்கர் இருவர் கட்டிய "இராவணா-1", ஏறக்குறைய ஒரு கிலோகிராம் நிறையே உடையது. அது 2019 ஏப்பிரில் 17 இல் அமெரிக்காவின் வாலப்ஸ் தீவிலிருந்து புறப்பட்டு, யூன் 17 இல் விண்வெளி நிலையத்திலிருந்து வெளியே விடப்பட்டது. 1963 இலே பயிற்சிக்குச் சென்ற கலாம், நாசாவின் அந்த வாலப்ஸ் நிலையத்து வரவேற்புக் கூடத்திற்றான், திப்புவின் படையினர் வாணம் விடும் ஓவியமொன்று மாட்டியிருக்கக் கண்டார்.