போரின் பழி யார் பெயரில்?

கண்டி இராச்சியத்தின் வீழ்ச்சியைப் படிப்பிக்கும்போதெல்லாம் எனக்குள் ஒரு கேள்வி எழும். 1815 மார்ச் 2ஆந் திகதி கண்டி ஒப்பந்தம் செய்யப்பட்டபோது இங்கிலாந்தின் பிரதமர் யார்? வரலாற்று ஆசிரியர்களான நாமே சற்று யோசித்துத்தான் சொல்வோம். லிவர்பூல் பிரபு. 1812 முதல் 1827 வரை ஏறக்குறைய 15 ஆண்டுகள் அப்பதவியில் இருந்தவர்.

கண்டி ஒப்பந்தத்துக்கு முதல் நாள்தான் எல்பாத் தீவிலிருந்து தப்பிய நெப்போலியன் பிரான்சில் கரையிறங்கினான். ஜூன் 18இல் வாட்டர்லூ. அந்தப் புகழ் தளபதி வெலிங்டனைச் சேர்ந்தது. 1828இல் அவரே பிரதமருமானார். கண்டியைப் பிடித்த பெருமையோ தேசாதிபதி பிரவுன்றிக்குக்கு. 1816இல் பரோனெட் பட்டமும் கிடைத்தது.

புகழ் இப்படிப் போயிற்று. பழி?

1817இல் ஊவா, வெல்லஸ்ஸைப் பகுதியில் கிளர்ச்சி மூண்டது. அடக்க வந்த படை வீடுகளையும் நெல்லையும் எரித்தது, வயல்களைப் பாழாக்கியது. பட்டினியும் நோயும் மிச்சமிருந்தவர்களைத் தின்றன. 1819 ஆகஸ்டில் மான்செஸ்டர் நகரில் கூடிய மக்கள்மீது குதிரைப்படை பாய்ந்து, பதினைந்து பேருக்குக் குறையாமல் இறந்தனர். வாட்டர்லூவைக் கேலி செய்து அதற்குப் 'பீட்டர்லூ' என்று பெயரிட்டார்கள். லிவர்பூல் ஆட்சியின் கறையாக ஆங்கிலேயர் இன்றும் சொல்வது அதைத்தான். வெல்லஸ்ஸை அவர் கணக்கில் ஏறவேயில்லை.

எமது நாட்டுக் கணக்கில் அது வேறொருவர் பெயரில் ஏறியது. வெல்லஸ்ஸை முஸ்லிம்களுக்கு முஹாந்திரமாக ஆங்கிலேயர் நியமித்த ஹாஜி மரிக்கார்! அந்த நியமனமே கிளர்ச்சிக்கு உடனடிக் காரணம் என்பார்கள். கிளர்ச்சியாளர் கையில் சிக்கிக் கொல்லப்பட்டவர் அவர். பதவியை ஏற்றது சரியா, பிழையா என்று வாதிடலாம். ஆனால் ஒரு சாம்ராச்சியத்தின் போரை ஒரு கிராமத்து மனிதரின் தலையில் கட்டிவிட்டு, அதை நடத்திய அரசின் தலைவரை மறந்துவிடுவது என்ன நியாயம்?

பின்னாளிலும் இதே கதைதான். 1956இல் சுயெஸ் போர் அந்தனி ஈடனின் பெயரைக் கெடுத்தது; மறு ஜனவரியில் பதவி துறந்தார். எகிப்தியர் மாண்டதைவிட இங்கிலாந்து தலைகுனிந்ததே அங்கு பெரிதாகப்பட்டது. டொனி பிளேயர் 1998இல் வட அயர்லாந்தில் சமாதானம் கண்டவர். எனினும் 2003இன் ஈராக்தான் அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது. அங்கே 179 பிரித்தானியப் படையினர் இறந்தனர். ஒவ்வொருவர் பெயரும் பதிவில் உண்டு. பக்தாதில் இறந்தவர்களை அப்படி யார் எண்ணினார்கள்?

கிளர்ச்சித் தலைவர் கெப்பெட்டிபொல 1818 நவம்பர் 26இல் போகம்பறையில் சிரச்சேதம் செய்யப்பட்டார். அவருடைய மண்டையோட்டைப் பிரித்தானியாவுக்குக் கொண்டுபோனார்கள். 1954இல் அது திரும்பி வந்து, தலதா மாளிகைக்கு முன்னாலுள்ள வெளியில் அடக்கப்பட்டது. மாணவர்களை அங்கே அழைத்துப்போனால் அவரைப் பற்றிக் கேட்பார்கள். சிலர் தயங்கித் தயங்கி மரிக்காரைப் பற்றியும் கேட்பார்கள். லிவர்பூலைப் பற்றி இன்றுவரை ஒருவரும் கேட்டதில்லை.