அறிவொப்புக் காண்டல்: நண்பரிடை வினாவிடை வரலாறு

நண்பர் சிலர் ஓரிடத்துக் கூடியிருந்து, ஒருவர் வினவ மற்றவர் விடுப்பதும், விடுத்தவர் அடுத்து வினவுவதுமாகப் பொழுது போக்கும் வழக்கம் இன்று எங்கும் காணப்படுகின்றது. பொது அறிவு வினாவிடை என்றும், வினாடி வினா என்றும் இதனைக் கூறுவர். ஒரு நாழிகையின் அறுபதில் ஒரு கூறு, அஃதாவது இருபத்து நான்கு நொடி, பழைய வழக்கில் வினாடி எனப்பட்டது. அவ்வளவையும் வினா என்னும் சொல்லையும் ஓசையொப்புமையால் இணைத்து அமைந்த இத்தொடர் அண்மைக்காலத்தது. ஆயினும் பொருள் புதிதன்று. இதன் தோற்றத்தை ஆராய்வோர் பலரும் தொல்காப்பியத்துப் பிசியிலிருந்து தொடங்கி, விடுகதை வழியாக இன்றைய வினாடி வினாவுக்கு நேரே வந்துவிடுவர். இவ்வழி எளிது, ஆனால் பொருந்துவதன்று என்பது எம் கருத்து. அதற்குரிய காரணங்களை ஈண்டு ஆராய்வாம்.

தொல்காப்பியர் செய்யுளியலில் யாப்பின்பாற்படும் எழுநிலத்துள் ஒன்றாகப் பிசியை வைத்தார். பாட்டு, உரை, நூல், வாய்மொழி, அங்கதம், முதுசொல் என்பன ஏனைய ஆறு. அடிவரையறை இல்லாத ஆறனுள்ளும் பிசி எண்ணப்படுகின்றது. இலக்கண ஆசிரியர் ஒருவர் நூலோடும் உரையோடும் ஒருங்கு எண்ணத்தக்க மதிப்பினை அது பெற்றிருந்தது என்பது இதனாற் புலனாம். உவமை பொருந்தி வருவது ஒன்று, தோன்றுவது ஒன்றைச் சொல்லி மற்றொன்றைத் துணிய வைப்பது ஒன்று என அதனை இருவகைப்படுத்தினார். மலை ஒன்று பிறைமதியைக் கவ்விக்கொண்டு நடக்கிறது என்று சொல்லி யானையை விடையாக வேண்டுவது உரையாசிரியர் காட்டும் சான்று. கேட்பவன் யானையை ஒருமுறையேனும் கண்டிருந்தால் போதும். வேறு எந்நூலும் கற்றிருக்க வேண்டுவதில்லை. விடை வினாவுக்குள்ளேயே ஒளிந்திருக்கின்றது. உற்று நோக்கும் கண்ணும், ஒப்புமை காணும் மனமும் உடைய ஆயர் சிறுவன் ஒருவன் பெரும்புலவரை வென்றுவிடலாம். விடுகதை, அழிப்பாங்கதை, நொடி எனத் தமிழகத்தும் ஈழத்தும் பலபெயரால் வழங்குவனவெல்லாம் இவ்வினத்தனவே. பொது அறிவு வினாவின் இயல்போ இதற்கு மறுதலையானது. சிந்தாமணியில் எத்துணை இலம்பகங்கள் என்று ஒருவன் வினவினால், கேட்பவன் எத்துணைக் கூர்மதியனாயினும் பயனில்லை. பதின்மூன்று என்பது அவனுக்கு முன்பே தெரிந்திருத்தல் வேண்டும். வினாவுக்குள் விடை இல்லை. முன்னது கண்டறிவது, பின்னது கற்றறிந்தது. இவ்விரண்டனையும் ஒன்றெனக் கொள்வது பொருந்தாது.

எனின், கற்றறிந்ததை வினாவும் விளையாட்டு எங்குத் தோன்றியது? அணிநூலார் கூறும் மிறைக்கவிகளுள் வினாவுத்தரம் என்பது ஒன்று. தண்டியலங்காரம் பயின்றார் நன்கறிந்த சான்றுச் செய்யுள் ஒன்று அதற்குண்டு. பூவில் வாழும் மகளின் பெயர் யாது, ஒருவனைப் போக்குபவன் என்ன சொல்லிப் போக்குவான், போரிற் செலுத்தும் சரத்தின் பெயர் யாது, அழகின் பெயர் யாது என நான்கு வினாக்களை அஃது அடுக்குகின்றது. திரு, ஏகு, அம்பு, அம் என்பன விடைகள். இவற்றைச் சேர்த்தால் திருவேகம்பம் என்னும் காஞ்சித் திருக்கோயிலின் பெயர் கிடைக்கின்றது. இறைவன் உவந்துறையும் இடம் எது என்னும் கடைசி வினாவிற்கு அதுவே விடை. இங்கு யானையைக் கண்டிருத்தல் போதாது. அம் என்பது அழகைக் குறிக்கும் என்பதனை நிகண்டு கற்றவனே அறிவான். அதே நேரத்தில் விடை சரியா என்பதனைக் கண்டுகொள்ளும் வழியும் செய்யுளுக்குள்ளேயே உள்ளது. அம்புக்கு மாறாகக் கணை என்றால் ஏகம்பம் அமையாது. ஆகவே வினாவுத்தரம் பிசிக்கும் கற்றறிவு வினாவிற்கும் இடையே நிற்பது எனலாம். சொல்லணியில் சேர்த்து இதனை வெற்று வித்தை என்று தள்ளுவாரும் உளர். யாம் அங்ஙனம் கருதவில்லை.

நிகண்டுகளையும் ஈண்டு நினைத்தல் வேண்டும். திவாகரத்தின் பன்னிரண்டாம் தொகுதி பல்பொருட் கூட்டத்து ஒருபெயர்த் தொகுதி. இருசுடர் எவை, மூவேந்தர் யாவர், நால்வகைப் படை யாது, ஐம்பொறி எவை என்றாற்போல எண்ணால் தொகுத்த பெயர்களை விரித்துரைப்பது அதன் தொழில். சொல்லுக்குப் பொருள் காண்பதற்கு மட்டும் அத்தொகுதி தோன்றியிருத்தல் இயலாது. கேட்டவுடன் சொல்லும்படி மனத்தில் நிறுத்துவதற்கு உரிய வடிவம் அது. திண்ணைப் பள்ளிகளில் சூடாமணி நிகண்டினை மனனம் செய்த பிள்ளைகள் ஒருவரையொருவர் சொல்லச் சொல்லிக் கேட்டே அதனைக் காத்தனர். எழுத்தறிந்தும் ஏடு அரிதாயிருந்த காலத்தில் பக்கத்திலிருந்த தோழனே ஏடு.

இனி, இலக்கண நூலார் வினாவினை வகுத்த முறையை நோக்குவாம். நம் பொருளுக்கு உரிய உண்மையான வேர் இங்கேதான் உள்ளது. அறியான் வினாவல், அறிவொப்புக் காண்டல், ஐயமறுத்தல், அவனறிவு தான்கோடல், மெய்யவற்குக் காட்டல் எனப் பழைய உரைமரபு வினாவினை ஐந்தாக்கும். இவற்றுள் முதலதும் மூன்றாவதும் அறியாமையாலும் ஐயத்தாலும் பிறப்பன. வினவுபவனுக்கு விடை தேவை. ஏனைய மூன்றும் விடை தெரிந்தவன் வினவுவன. தெரிந்தவன் ஏன் வினவுகின்றான் என்பதற்கு அம்மூன்று பெயர்களும் மூன்று காரணம் கூறுகின்றன. மாற்றானின் அறிவளவைத் தான் அறிந்துகொள்ள வினவலாம். அவனுக்கு உண்மையை உணர்த்த வினவலாம். அவனறிவும் தன்னறிவும் ஒத்துள்ளனவா என்று காண வினவலாம். கடைசியிற் கூறிய இதுவே அறிவொப்புக் காண்டல். நண்பர் கூடி வினவி விடுக்கும் வழக்கத்திற்கு இதனினும் பொருத்தமான பெயர் வேறு உண்டெனத் தோன்றவில்லை. ஒப்பு என்னும் சொல் கருதத்தக்கது. ஏனைய இரண்டிலும் வினவுபவன் மேலே நிற்கின்றான். இதில் இருவரும் ஒரே தரையில் நிற்கின்றனர்.

பவணந்தியார் நன்னூலில் வினாவினை ஆறாக்கினார். அறிவு, அறியாமை, ஐயம், கொளல், கொடை, ஏவல் என்பன அவை. தெரிந்தவன் வினவும் மூன்றும் அறிவினா என்னும் ஒன்றனுள் அடங்கின. சுருக்கம் கருதிச் செய்த இவ்வடக்கத்தால் ஓர் இழப்பு நேர்ந்தது. அறிவினாவிற்கு இன்றுவரை பள்ளி இலக்கணங்கள் காட்டும் சான்று ஆசிரியன் மாணாக்கனை நோக்கி இந்நூற்பாவின் பொருள் யாது என வினவுவதே. ஒத்தார் இருவர் வினவிக்கொள்ளும் நிலை சான்றுகளினின்றும் மறைந்தது.

ஆனால் அதே பவணந்தியார் பொதுப்பாயிரத்தில் மாணாக்கன் நூல் பயிலும் முறையைக் கூறும்போது வேறொன்றை வைத்துள்ளார். வழக்கறிதல், பாடத்தைப் போற்றுதல், கேட்டதை நினைத்தல், ஆசிரியனை அடுத்துக் கேட்டல் என்பவற்றின்பின் தன்னையொத்த மாண்புடையாரோடு பயிலுதலும், அவர்களை வினவுதலும், அவர்கள் வினவியதற்கு விடுத்தலும் வருகின்றன. விடுத்தல் என்னும் இவ்வினையே விடை, விடுகதை என்னும் இரண்டிலும் உள்ளது. அடுத்து அவர் தரும் கணக்கு வியக்கத்தக்கது. ஆசிரியன் உரைத்ததை எவ்வளவு நன்றாகக் கேட்பினும் புலமையில் காற்கூறே வரும். உடன் பயில்வாரோடு பழகுவதால் இன்னொரு காற்கூறு வரும். பிறர்க்கு எடுத்துரைப்பதால் எஞ்சிய அரைக்கூறு வந்து நிரம்பும். ஆசிரியர்க்கும் தோழர்க்கும் சமபங்கு! குருவின் பெருமையை இவ்வளவு பேசும் ஒரு மரபில், நூலாசிரியரே இவ்வாறு எண்ணிட்டு வைத்தார் என்பதனை நம்மனோர் போதிய அளவு எடுத்துப் பேசவில்லை.

இம்மரபின் மீது அச்சு எத்தகைய மாற்றத்தை விளைத்தது என்பது அடுத்து நோக்கற்பாலது. வினாவிடையாக நூல் அமைக்கும் முறை தமிழுக்குப் புதிதன்று. இறையனார் களவியலுரை கடாவும் விடையுமாகவே பெரிதும் நடக்கின்றது. எனினும் அங்குக் கடாவுபவன் உண்மையான தடையை எழுப்புகின்றான். 1579-இல் கொச்சியில் அச்சான கிரீசித்தியானி வணக்கம் ஆசிரியனும் மாணாக்கனும் வினவி விடுக்கும் முறையில் அமைந்தது. அங்கு வினாவும் முடிந்தது, விடையும் முடிந்தது. சொல் மாறாமல் ஒப்பித்தலே வேண்டப்படுவது. 19-ஆம் நூற்றாண்டில் தாண்டவராய முதலியாரின் இலக்கண வினாவிடையும், ஆறுமுக நாவலரின் சைவ வினாவிடையும் இவ்வடிவினைத் தத்தம் பொருட்கு ஏற்ப எடுத்துக்கொண்டன. தெளிவும் சுருக்கமும் உடைய இந்நூல்களால் தமிழ் உரைநடை அடைந்த நலம் பெரிது. அதனைக் குறைத்துக் கூறுதல் எம் நோக்கமன்று. ஆயினும் வினவுபவன் என்றும் வினவுபவனாகவும், விடுப்பவன் என்றும் விடுப்பவனாகவும் நிலைத்துப்போன வடிவம் இவற்றால் வேரூன்றியது. இடம் மாறி வினவும் உரிமை அச்சிட்ட பக்கத்தில் இல்லை.

இந்திய நகரங்களில் மேடை வினாடி வினா தோன்றியது அண்மையில். 1967-இல் கல்கத்தாவில் நீல் ஓபிரையன் நடத்திய போட்டியை இதன் தொடக்கமாகக் கூறுவர். 1972-இல் போர்ன்விட்டா வினாப்போட்டி தொடங்கியது. 1985-இல் சித்தார்த்த பாசு தூர்தர்சனில் நடத்தினார். 2000-இல் பெரும் பரிசுத் தொகையுடன் இந்தியிலும், அதனை ஒட்டித் தமிழிலும் தொலைக்காட்சிகள் நடத்தின. இவற்றுள்ளும் வினவுபவர் ஒருவரே. அவர் கையில் விடைத்தாள் இருக்கும். ஒப்புக் காண்பதற்கு அங்கு இடமில்லை.

நன்னூலார் கூறிய காற்கூறு இன்று எங்கே உள்ளது என்று தேடுவோர் மாலைவேளையில் தமிழகத்துப் பொதுநூலகம் ஒன்றிற்குச் சென்று பார்த்தல் வேண்டும். அரசுப் பணித் தேர்வுக்குப் படிக்கும் இளைஞர் நால்வர் ஐவர் படிக்கட்டிலோ மரநிழலிலோ அமர்ந்து முறைவைத்து வினவிக்கொள்வர். ஒருவர்க்கு வரலாறு கைவரும், ஒருவர்க்குக் கணக்கு, எட்டுத்தொகை நூல்களை வரிசையாகச் சொல்லத் தெரிந்தவர் இன்னொருவர். பிழைத்த விடையை எவரும் எள்ளுவதில்லை, குறித்துக்கொள்வர். தேர்வில் இவர்கள் ஒருவர்க்கொருவர் போட்டியாளர் என்பதனை நினைத்தால், தம் விடையைத் தோழர்க்குத் தரும் இச்செயலின் அருமை விளங்கும். அங்கு ஆசிரியர் இல்லை, கட்டணமும் இல்லை. அவர்கள் வினவும் வினாக்களிற் பல வெறும் பெயரும் ஆண்டுமே என்று கல்வியாளர் சிலர் குறைகூறுவர். அக்குறை தேர்வின்பாற்பட்டது, வினவும் முறையின்பாற்பட்டதன்று.

அறிவொப்புக் காணப் புகுந்த ஒரு வினா எவ்வளவு தூரம் செல்லக்கூடும் என்பதற்குத் தமிழிலக்கிய வரலாறே சான்று. 1880-இல் கும்பகோணம் கல்லூரித் தமிழாசிரியராயிருந்த உ. வே. சாமிநாதையர், அவ்வூர்க்கு முன்சீபாக வந்திருந்த சேலம் இராமசாமி முதலியாரைக் காணச் சென்றார். என்னென்ன படித்திருக்கிறீர்கள் என்பது முதலியாரின் வினா. ஐயர் அந்தாதிகளையும் பிள்ளைத்தமிழ்களையும் கோவைகளையும் புராணங்களையும் அடுக்கினார். முதலியார் அவற்றால் நிறைவடையவில்லை. சிந்தாமணியையும் சிலப்பதிகாரத்தையும் மணிமேகலையையும் படித்ததுண்டா என வினவினார். ஐயர் படித்திலர். அதுவரை நடந்தது மாற்றானின் அறிவளவைக் காணும் வினா. அதன்பின் நிகழ்ந்ததே எமக்கு முதன்மையானதாகத் தோன்றுகின்றது. வினவியவர்க்கும் சிந்தாமணியின் பொருள் தெரியாது. தமக்கு அதனைப் பாடஞ்சொல்ல வேண்டுமென அவர் சுவடியின் படியைக் கொடுத்தார். அறிபொருள் வினாவாகத் தொடங்கியது அறியான் வினாவாக மாறியது. இருவரும் கூடிப் படிக்கத் தொடங்கினர். நூலும் நச்சினார்க்கினியர் உரையும் தந்த ஐயங்களை எடுத்துக்கொண்டு ஐயர் கும்பகோணத்துச் சைனர் இல்லங்களுக்குச் சென்றார். சிந்தாமணியை வழிவழியாகப் படித்துவந்த அவர்கள் தம் சமயக் கருத்துக்களை விளக்கி அவ்வையங்களைத் தீர்த்தனர். சீவக சிந்தாமணியின் முழுப் பதிப்பு 1887-இல் வெளிவந்தது.