எண்சுவடியும் பல்லாங்குழியும்: உத்திரமேரூரை முன்வைத்துக் கணக்குப் பயிற்சியின் வரலாறு

முன்னுரை

கணித வகுப்பில் விளையாட்டின் வழியே எண்பயிற்சி அளிப்பது புதிய முறையாகவே பெரிதும் கருதப்படுகிறது. தமிழகத்தில் பள்ளிக் கணக்கும் விளையாட்டுக் கணக்கும் நெடுங்காலம் அருகருகே வழங்கின, எனினும் ஒன்றுசேரவில்லை. அவை எவ்வெத்திறன்களைப் பயிற்றின என்பதைக் காஞ்சிபுரம் மாவட்டத்து உத்திரமேரூரிலிருந்து தொடங்கி இக்கட்டுரை ஆராய்கிறது.

கல்வெட்டில் பின்னம்

முதற் பராந்தக சோழனின் கி.பி. 919, 921 ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் உத்திரமேரூர்ச் சபையின் குடவோலை முறையை விவரிக்கின்றன. வாரியத்திற்குரியவர் கால்வேலிக்கு மேற்பட்ட இறைநிலம் உடையவராக இருத்தல் வேண்டும்; வேதமும் பாடியமும் வல்லவர்க்கு அரைக்கால் வேலி போதுமானது. கணக்குக் காட்டாதவர் விலக்கப்பட்டனர். ஆகவே 1/4, 1/8 ஆகிய பின்னங்கள் ஊராட்சியில் ஒருவரது தகுதியை வரையறுத்த அளவுகளாக இருந்தன.

திண்ணைப் பள்ளியின் பயிற்சி

பிற்காலத் திண்ணைப் பள்ளிகள் இவ்வளவுகளையே எண்சுவடி வாயிலாகப் பயிற்றின. மணலில் எழுதியும் உரக்கச் சொல்லியும் முந்திரி (1/320), காணி (1/80), மா (1/20), அரைக்கால், கால் ஆகியவற்றின் வாய்பாடுகளை மாணவர் மனனம் செய்தனர். நிலமும் நெல்லும் பொன்னும் அளக்கும் தொழிலுக்கு இம்மனனம் அடித்தளமாயிற்று. ஆனால் பெண்களுக்கு இக்கல்வி பெரும்பாலும் எட்டவில்லை. தாமஸ் மன்றோ 1822 இல் தொடங்கிய கணக்கெடுப்பின்படி, சென்னை மாகாணப் பள்ளிகளில் பயின்ற 1,88,650 பேரில் பெண்கள் 4,540 பேரே.

பல்லாங்குழியின் கணக்கு

பெண்களும் சிறுவர்களும் வீட்டில் ஆடிய பல்லாங்குழியில் வேறொரு கணக்கு அமைந்திருந்தது. 14 குழிகளில் குழிக்கு 5 காய்கள் இடும் ஆட்டத்தில் ஒவ்வொருவர்க்கும் 35 காய்கள் உண்டு. எக்குழியில் எடுத்தால் கடைசிக் காய் எங்கு விழும் என்பதை ஆடுபவர் முன்னரே எண்ணிப் பார்க்கிறார். ஒரு குழியில் 4 காய்கள் சேர்ந்தால் அது ‘பசு’ எனப்பட்டு, குழிக்குரியவரைச் சேரும். ஆட்ட முடிவில் ஒருவரிடம் 23 காய்கள் இருப்பின், அடுத்த சுற்றில் அவர் 4 குழிகளை நிரப்புவார். 3 காய்கள் எஞ்சும். ஈவும் மீதியும் இங்கே கையாலேயே விளங்குகின்றன. ஆயினும் ஆட்டம் முழு எண்களோடு நின்றுவிடுகிறது. பின்னம் அதில் இல்லை.

இணைப்பும் இடைவெளியும்

1957 இல் பதின்ம நாணய முறை நடைமுறைக்கு வந்தது. மெட்ரிக் அளவைகளும் பரவின. அன்றாட வாழ்விலிருந்து பழைய பின்னங்கள் பலவும் மறைந்தன. பின்னர்ச் செயல்வழிக் கற்றலும், 2022 இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டமும் தொடக்க வகுப்புகளில் ஆடலுக்கும் செயலுக்கும் இடமளித்தன. எண்ணல், கூட்டல், வகுத்தல் ஆகியவற்றுக்குப் பல்லாங்குழி உள்ளவாறே பொருந்தும். பின்னத்திற்கோ, விதியை மாற்றியமைத்தல் வேண்டும். ஒரு காயை அரைக்கால் எனக் கொண்டால் ஒரு பசு அரையாகும். இரு பசுக்கள் ஒன்றாகும்.

முடிவுரை

எண்சுவடி பின்னத்தைப் பயிற்றியது. ஆனால் பெண்களில் மிகப் பெரும்பாலோரைப் புறத்தே நிறுத்தியது. பல்லாங்குழி அவர்களுக்கு உரியதாக இருந்தது. ஆனால் பின்னத்தைத் தொடவில்லை. ஆகவே விளையாட்டை வகுப்பிற்குக் கொணர்வது மட்டும் போதாது. எவ்விளையாட்டு எத்திறனைப் பயிற்றுகிறது, எதனை விட்டுவிடுகிறது என்று ஆசிரியர் அறிந்து தேர்தல் வேண்டும் என்பதே இவ்வரலாறு உணர்த்துவது.