பணக் கல்வியும் கடன்பட்டோர் வரலாறும்

பாடசாலைகளின் மேல்வகுப்புக்களிலே ‘தனிநபர் நிதி’ என்றொரு தெரிவுப் பாடத்தைச் சேர்க்க வேண்டும் என்ற குரல் இன்று பல திசைகளிலிருந்தும் எழுகின்றது. வரவுக்கேற்பச் செலவு செய்தல், சேமித்தல், வட்டியைக் கணித்தல், கடனை அளந்து வாங்குதல் ஆகியவற்றை மாணவர் கற்றுக்கொண்டால் கடன் தொல்லை குறையும் என்பது அக்குரலின் சாரம். இதனை எடுத்த எடுப்பிலேயே மறுத்துவிடுதல் முறையன்று. பணத்தைப் பற்றிய அறிவு எவருக்கும் தீங்கு செய்வதில்லை. ஆயின், மக்கள் கடன்படுவது கணக்குத் தெரியாமையினாலேயே என்னும் ஓர் எண்ணம் இவ்வாதத்தின் அடியிலே மறைந்து கிடக்கின்றது. அவ்வெண்ணம் மெய்தானா என்பதை வரலாற்றைக் கொண்டு சோதித்துப் பார்ப்பது ஆசிரியராகிய நமது கடமையாகும்.

பணக்கணக்கு நமது கல்விக்குப் புதிதன்று. திண்ணைப் பள்ளிக்கூடத்திலே மணலில் எழுத்துப் பழகிய பிள்ளை, அதனோடு எண்சுவடியையும் மனனஞ் செய்தான். இருபதில் ஒரு கூறாகிய மா, எண்பதில் ஒரு கூறாகிய காணி, முந்நூற்றிருபதில் ஒரு கூறாகிய முந்திரி என்னும் கீழ்வாயிலக்கங்கள் அவன் நாவிலே தடையின்றிப் புரண்டன. பொன்னை நிறுக்கப் பொன்னிலக்கமும், நெல்லை அளக்க நெல்லிலக்கமும், நிலத்தின் பரப்பைக் கணிக்கக் குழிமாற்றும் அவனுக்குப் பாடங்களாயின. வாழ்க்கைக்கு உதவும் கல்வி என்று இன்று நாம் பேசுவதை அக்கல்வி அன்றே செய்தது எனலாம்.

ஆயின் அத்திண்ணையில் அமர்ந்திருந்தோர் யாவர்? பெரும்பாலும் நிலமும் வணிகமும் உடைய குடும்பங்களின் ஆண்பிள்ளைகளே. பெண்களுக்கும், சாதியின் பெயரால் ஒதுக்கி வைக்கப்பட்டோருக்கும் அங்கு இடம் அரிதாகவே கிடைத்தது. நெல்லை அளந்து வாங்கியவன் வீட்டுப் பிள்ளை நெல்லிலக்கம் கற்றான். நெல்லை விளைவித்துக் கொடுத்தவன் வீட்டுப் பிள்ளை திண்ணைக்கு வெளியே நின்றான். கணக்கு இருந்தது, அது ஒரு பக்கத்தாரின் கையிலே இருந்தது.

யாழ்ப்பாணத்து ஒற்றி முறையை இங்கு நினைவுகூர்தல் தகும். ஒல்லாந்தர் காலத்திலே, 1706 இல் கிளாஸ் ஐசாக்ஸ் என்ற அதிகாரி தொகுத்து, 1707 இல் நடைமுறைக்கு வந்த தேசவழமைச் சட்டத்திலே இம்முறை இடம்பெறுகின்றது. கடன் கொடுத்தவன் வட்டிக்குப் பதிலாகக் கடன்பட்டவனின் காணியை ஏற்று, முதல் திரும்பும்வரை அதன் விளைவை அனுபவிப்பான். இங்கே வட்டி வீதம் என்று எதுவும் கண்ணுக்குத் தெரிவதில்லை. ஆனால் ஆண்டுதோறும் விளைச்சல் கைமாறுகின்றது. முதலைத் திருப்புவதற்குக் காணியின் வருவாய் வேண்டும்; காணியோ கடன் கொடுத்தவன் கையில். இந்நிலையிலிருந்த கமக்காரனுக்கு வகுத்தலும் பெருக்கலும் மட்டும் என்ன விமோசனத்தை அளித்திருக்கும்?

இதனினும் தெளிவான சான்றை நமது மலையகம் தருகின்றது. தமிழகத்துக் கிராமங்களிலிருந்து கோப்பித் தோட்டங்களுக்கும், பின்னர் தேயிலைத் தோட்டங்களுக்கும் அழைத்து வரப்பட்ட தொழிலாளி, தோட்டத்தைக் கண்ணால் காணுமுன்னரே கடனாளியானான். கங்காணி கொடுத்த முற்பணமும் வழிச்செலவும் உணவுச் செலவும் அவன் பெயரில் ஏறின. முதற் கூலி கையில் வருமுன் முதற் கடன் வந்துவிட்டது. அவன் ஒரு தோட்டத்தை விட்டு மற்றொன்றுக்குப் போக விரும்பினால் ‘துண்டு’ வேண்டும். குறித்த தொகையைச் செலுத்தினால் இக்கங்காணியும் இவன் ஆட்களும் விடுவிக்கப்படுவர் என்று துரை எழுதிக் கொடுக்கும் சீட்டே துண்டு எனப்பட்டது. புதிய தோட்டம் அத்தொகையைக் கொடுத்து ஆட்களைப் பெற்றுக்கொள்ளும். கடனும் ஆட்களோடு இடம் பெயரும். முன்னறிவித்தல் இன்றி வேலையை விட்டு நீங்குவதை 1865 ஆம் ஆண்டின் வேலை ஒப்பந்தச் சட்டம் குற்றமாக்கியிருந்தமையால், ஓடிப் போனவனைச் சிறையும் எதிர்நோக்கியது.

1907 ஆம் ஆண்டுச் சட்டம் தோட்டத்துப் பிள்ளைகளுக்குத் தாய்மொழிக் கல்வி அளிக்கும் பொறுப்பைத் தோட்டத் துரைமார் மீது சுமத்தியது. அப்பொறுப்பு ஆறு வயது முதல் பத்து வயது வரைக்கே. தந்தையின் பெயரில் எழுதப்பட்ட கணக்கை வாசித்து வினவும் வயது வருமுன்னரே பிள்ளை மீதிருந்த கடமை முடிந்துவிட்டது. துண்டு முறை இறுதியில் 1921 இல் சட்டத்தினால் ஒழிக்கப்பட்டது. தொழிலாளர் சிக்கனம் பழகியதனால் அது ஒழியவில்லை என்பதை நாம் ஊன்றி நோக்குதல் வேண்டும். கடனை உண்டாக்கிய விதி மாறியபோதே அக்கடனின் பிடி தளர்ந்தது.

சிக்கனத்தைப் போதித்த மரபொன்றும் இருந்தது. இலங்கைச் சேமிப்பு வங்கி 1832 இலும், தபாலகச் சேமிப்பு வங்கி 1885 இலும் தோன்றின. 1924 இல் மிலான் நகரில் கூடிய சேமிப்பு வங்கிகளின் சர்வதேச மாநாடு, ஒக்டோபர் 31 ஆம் நாளை உலக சிக்கன தினமாக்கிற்று. பாடசாலைகள் அத்தினத்தின் முக்கிய களங்களாயின. ‘சிறுதுளி பெருவெள்ளம்’ என்று நாமும் கட்டுரை எழுதியே வளர்ந்தோம். ஏழைப் பிள்ளையின் பெயரில் ஒரு சேமிப்புப் புத்தகம் இருப்பதை நாம் இழிவாகக் கருதவில்லை. ஆனால் துளியே விழாத கூரையின் கீழ் வெள்ளம் எங்ஙனம் பெருகும் என்ற வினாவை அக்கட்டுரைகளில் எவரும் எழுப்பியதில்லை.

வேறொரு மரபும் உண்டு. அதுவே நமது கருத்துக்கு உரியது. 1911 ஆம் ஆண்டின் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டத்தின் பின்னர் கிராமந்தோறும் ஐக்கிய நாணய சங்கங்கள் எழுந்தன. அங்கே கடன் கேட்பவனும் கொடுப்பவனும் அயலவர். வட்டியைத் தீர்மானிப்பவர் அங்கத்தவரே. கணக்கு பொதுக்கூட்டத்திலே வாசிக்கப்பட்டது. எழுத்தறியாதவனும் கையை உயர்த்திக் கேள்வி கேட்கலாம். நம் பெண்கள் இன்றும் கட்டும் சீட்டிலும் இப்பண்பின் சாயல் உண்டு. யாருக்கு எப்போது தேவை, எவரால் எவ்வளவு கட்ட முடியும் என்பதை அவர்கள் காகிதமின்றியே கணித்துவிடுகின்றனர். ‘நிதி அறிவு அற்றோர்’ என்று இவர்களைக் கூறுவோர் ஒருநாள் அச்சீட்டுக் கூட்டத்தில் அமர்ந்து பார்த்தல் நன்று.

1945 இல் கன்னங்கராவின் முயற்சியால் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்ததையும் இவ்வரிசையிலேயே வைத்து எண்ண வேண்டும். உழைக்கும் குடும்பத்தின் செலவுப் பட்டியலிலிருந்து பள்ளிக் கட்டணம் என்ற ஒரு வரியே அழிக்கப்பட்டது. சிக்கனத்தைப் பற்றிய எத்தனை சொற்பொழிவுகள் சேர்ந்தாலும் அவ்வொரு வரியை அழித்திருக்க முடியாது.

இனி நம் காலத்துக்கு வருவோம். 2009 இல் யுத்தம் முடிந்தபின் வடக்கிலும் கிழக்கிலும் நுண்கடன் நிறுவனங்கள் வீட்டு வாசல்களுக்கே வந்தன. வீடும் தொழிலும் அழிந்து, பலர் துணைவரையும் இழந்து நின்ற பெண்களுக்கு, பிணையாக ஒருவருக்கொருவர் கையொப்பமிடும் குழுக்களின் வழியே கடன் வழங்கப்பட்டது. சங்கத்தின் உருவம் இருந்தது. சங்கத்தின் உரிமை இருக்கவில்லை. வட்டியைத் தீர்மானிக்கும் கை வேறிடத்தில் இருந்தது. 2018 இல் இலங்கைக்கு வந்த ஐக்கிய நாடுகள் சபையின் சுயாதீன நிபுணர் ஹுவான் பாப்லோ பொஹொஸ்லாவ்ஸ்கி, நுண்கடன் வட்டி 220 சதவீதம் வரை உயர்ந்திருந்ததையும், கடன் வசூலிப்போரால் பெண்கள் அவமதிப்புக்கு ஆளாவதையும் எடுத்துக் கூறினார். அதே ஆண்டில், வரட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களின் பெண்களுக்கு, ஒரு இலட்சம் ரூபாவுக்கு மேற்படாத கடன்களில் நிவாரணம் அறிவிக்கப்பட்டது. வட்டிக்கு 35 சதவீத உச்ச வரம்பும் விதிக்கப்பட்டது. 2021 மார்ச்சில் பொலன்னறுவை மாவட்டத்து ஹிங்குராக்கொடையிலே நுண்கடனுக்கு எதிராகப் பெண்கள் சத்தியாக்கிரகம் இருந்தனர். வடக்கின் தமிழ்ப் பெண்ணுக்கும் பொலன்னறுவையின் சிங்களப் பெண்ணுக்கும் ஒரே கணக்கே எழுதப்பட்டது என்பதை நாம் மறத்தலாகாது.

இவ்விடத்தில் நமது குற்றத்தையும் ஒப்புக்கொள்ள வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் நம் மாணவி ஒருத்தியின் தாயார் தவணை அட்டையொன்றைக் கொண்டு வந்து, “சேர், இருபத்துநாலு வீதம் எண்டுதான் சொன்னவை. எவ்வளவு கட்டியும் குறையுதில்லையே, ஏன்?” என்று கேட்டார். முப்பதினாயிரம் ரூபாக் கடன். பன்னிரண்டு மாதத் தவணை. முழுத் தொகைக்கும் ஓராண்டு வட்டி 7,200 ரூபா. ஆக மாதம் 3,100 ரூபா. மேலோட்டமாகப் பார்த்தால் பிழையில்லை. ஆனால் மாதந்தோறும் முதலில் 2,500 ரூபா திரும்பிவிடுகின்றது. முழு முப்பதினாயிரமும் அவர் கையில் இருந்தது முதல் மாதம் மட்டுமே. குறைந்து செல்லும் மீதியின்படி கணித்தால், பன்னிரண்டு முதல் ஒன்று வரை கூட்டிவரும் 78 மாத அலகுகளுக்கே அந்த 7,200 ரூபா வட்டியாகின்றது. ஓர் அலகுக்கு ஏறக்குறைய 92 ரூபா. 2,500 ரூபாவுக்கு மாதம் 3.7 சதவீதம், ஆண்டுக்கு 44 சதவீதம். சொன்னது இருபத்துநான்கு, வாங்கியது நாற்பத்துநான்கு.

இக்கணக்கு எங்கோ மேனாட்டு நூலில் உள்ளதன்று. பதினோராந் தரக் கணிதப் பாடத்திலே, ‘மாத அலகு’ என்ற பெயருடன், எல்லா மாணவரும் கற்பது. அம்மாணவியும் அதனைக் கற்றுச் சரியான விடை எழுதியவள்தான். அவளது கொப்பியிலிருந்த கணக்கும் அவளது வீட்டுச் சுவரில் தொங்கிய அட்டையும் ஒன்றே என்று அவளுக்கு எவரும் கூறவில்லை. நாமே கூறவில்லை. பரீட்சைக்கு எத்தனை புள்ளி என்பதையே கூறினோம்.

அறிந்திருந்தால் அத்தாயார் கடன்படாதிருந்திருப்பாரா? அவரிடமே கேட்டோம். “அண்டைக்கு வேற ஆரிட்டச் சேர் போறது?” என்றார். வங்கி பிணை கேட்டது; சங்கம் யுத்தத்தில் சிதைந்திருந்தது. அறியாமை அவரது துன்பத்தின் ஒரு பகுதி. மாற்று வழியின்மையே அதன் பெரும்பகுதி.

சேமித்தோரின் கதையும் இதுவே. 2022 ஏப்ரல் 12 ஆம் நாள் அரசு வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்தியது. அவ்வாண்டு செப்டம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 70 சதவீதத்தை அண்மியது. ஆண்டுக்கணக்காகச் சிறுகச் சிறுகச் சேர்த்தவரின் புத்தகத்தில் இலக்கம் குறையவில்லை. அதன் பெறுமதி கரைந்தது. 2023 இல் உள்நாட்டுக் கடன் மறுசீரமைக்கப்பட்டபோது அதன் சுமை ஊழியர் சேமலாப நிதி முதலியவற்றின் மீது ஏற்றப்பட்டது. வணிக வங்கிகள் விலக்கப்பட்டன. சிக்கனமாய் வாழ்ந்த தொழிலாளி எந்தப் பாடத்தில் தவறினார்?

ஆகவே புதிய பாடம் வேண்டாம் என்பதா நமது முடிவு? அன்று. பாடம் வேண்டும். ஆனால் அது வர்த்தகத்தை நாடும் சிலருக்கான தெரிவுப் பாடமாய் ஒதுங்கிவிடலாகாது. கணிதமும் வரலாறும் குடியியலும் சந்திக்கும் இடத்திலே அது எல்லாருக்கும் உரியதாக அமைதல் வேண்டும். தவணை அட்டையும், சம்பளப் பற்றுச்சீட்டும், சேமலாப நிதிக் கூற்றும் அங்கே பாடநூல்களாகட்டும். ஒற்றியும் துண்டும் நுண்கடனும் ஒரே வரலாற்றின் அத்தியாயங்களாய்க் கற்பிக்கப்படட்டும். வட்டி எவ்வளவு என்று கணிக்கப் பழகும் மாணவன், அவ்வீதத்தைத் தீர்மானித்தவர் யார், அதனை மாற்றும் அதிகாரம் எவருக்கு உண்டு என்றும் வினவப் பழகட்டும். ஐக்கிய நாணய சங்கத்தின் கணக்கு வாசிப்பை வகுப்பிலேயே நடத்திக் காட்டலாம்.

வரவுக்கேற்பச் செலவு செய் என்பது நல்ல போதனையே. அதனை வரவு உள்ளவனிடம் கூறலாம். வரவைக் குறைத்துச் செலவை ஏற்றும் விதிகளைப் பற்றி வாய் திறவாமல் அப்போதனையை மட்டும் வகுப்பறைக்குள் கொண்டு வருவோமாயின், கடன்பட்ட தாயின் பிள்ளை நம் முன் அமர்ந்து, தன் தாயே குற்றவாளி என்று கற்றுக்கொண்டு வீடு திரும்பும். அப்பிள்ளைக்கு அவ்வநீதியை நாம் செய்யலாகாது.